மீன் கழுவின தண்ணீரை எங்கே ஊற்றுகிறீர்கள்?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டு வாசலில் மூன்றடி அகலத்துக்குத்தான் மண் இருக்கிறதாம். அதில் மாமியார் வைத்த முல்லைக் கொடி மாடி சன்ஷேட் வரை ஏறியிருக்கிறது. பக்கத்தில் இரண்டு வருஷத்து முருங்கை. வீட்டில் ஒரு பூனை, ஒரு நாட்டு நாய். பூனை முருங்கைப் பட்டையைப் பிறாண்டி உரித்துவிட்டது. நாய் முல்லை வேரடியில் குழி பறித்துப் படுக்கிறது, காலைத் தூக்குவதும் அங்கேதான். முல்லை இலைகள் ஓரத்திலிருந்து கருகுகின்றன. மிளகாய்த்தூள் தூவியாயிற்று, பாச்சா உருண்டை போட்டாயிற்று, பலனில்லை. பக்கத்து வீட்டு அக்கா சுற்றிலும் அரளி வைக்கச் சொல்கிறாராம். கடைசியாக ஒரு வரி: “மீன் கழுவின தண்ணீர், கடலைப் புண்ணாக்கு எல்லாம் ஒழுங்காத்தான் போடறேன், அப்புறமும் ஏன் இப்படி?”

அந்தக் கடைசி வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. காசிமேட்டு மீன் வந்து இறங்கும் தெருக்களில், கழுவின தண்ணீரைச் செடிக்கு ஊற்றாத வீடு குறைவு. எங்கள் வீட்டிலும் அம்மா கறிவேப்பிலைக்கு ஊற்றுவார், அதுவும் தழைத்தது. ஆனால் அப்போது எங்களிடம் பூனை கிடையாது. பூனை மூக்குக்கு அந்த வேரடி இலை போட்டுப் பரிமாறிய இடம். நாய்க்கோ புண்ணாக்கு வாடை. ஊறிப் புளித்த கடலைப் புண்ணாக்கை மண்ணுக்குள் வைத்து மூடினால், உள்ளே என்னவோ புதைந்திருக்கிறது என்று தோண்டாத நாய் உண்டா? எலும்புத் தூளும் இதே கதைதான். ஆமணக்குப் புண்ணாக்கு இன்னும் மோசம். ஆசையாகத் தின்றுவிட்டால் நாயின் உயிருக்கே ஆபத்து, நாய் இருக்கிற வீட்டுக்குள் அதைக் கொண்டுவரவே கூடாது.

ஆக, முதல் வேலை வரவேற்பை நிறுத்துவது. மீன் தண்ணீரைச் செடியடியில் ஊற்ற வேண்டாம். மீன் கழிவை வீணாக்க மனமில்லை என்றால் செவுள், குடல் எல்லாவற்றையும் சம எடை வெல்லத்தோடு சேர்த்து மூடி போட்ட டப்பாவில் மூன்று நான்கு வாரம் வையுங்கள். மீன் அமிலம் என்று இயற்கை விவசாயிகள் சொல்வது இதைத்தான். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து மேல் இலைகளில் தெளிக்கலாம். வேரடிக்கு நன்றாக மக்கிய மாட்டெருவோ மண்புழு உரமோ போதும்.

இனி பூனை. முருங்கையடியில் குனிந்து தேடிப் பாருங்கள். வெங்காயச் சருகு மாதிரி மெல்லியதாக, பிறை வடிவத்தில், அரை நகக்கண் அளவுக்குச் சின்னச் சின்ன ஓடுகள் கிடக்கும். பூனை நகத்தின் மேல்தோல் அது. பழைய தோலைக் கழற்றத்தான் பூனை பிறாண்டுகிறது, மரத்தின் மேல் கோபமெல்லாம் இல்லை. தூங்கி எழுந்து முதுகை நீட்டிச் சோம்பல் முறிக்கவும், பாதத்தில் இருக்கிற சுரப்பிகளின் வாடையைப் பதித்து ‘இது என் இடம்’ என்று சொல்லிவைக்கவும் அதற்கு ஆடாத, நிமிர்ந்த, நகம் இறங்குகிற ஒரு பொருள் வேண்டும். முருங்கைப் பட்டை தக்கை மாதிரி மெத்தென்று இருப்பதால் அதைப் பிடித்துக்கொள்கிறது. பப்பாளியும் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். வேம்பு, புங்கை எல்லாம் முற்றிவிட்டால் கவலையில்லை.

பிறாண்டுவதை நிறுத்த முடியாது, இடம் மாற்றலாம். மூன்றடி உயரத்துக்கு ஒரு சவுக்குக் கட்டை எடுங்கள். அரையடி உயரமாக இருந்தால் பூனை திரும்பிக்கூடப் பார்க்காது, முழு உடம்பையும் நீட்ட அதற்கு உயரம் வேண்டும். பழைய பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கலவை ஊற்றிக் கட்டையை நட்டுவிட்டால் ஆடாது. கீழிருந்து மேல்வரை தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி ஆணி அடித்துவிடுங்கள், ஆணித் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இந்தக் கட்டையை முதலில் முருங்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பூனை பழகின பிறகு, தினம் ஒரு சாண் வீதம் அது தூங்குகிற இடத்துப் பக்கம் நகர்த்தலாம். எடுத்த எடுப்பில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் கட்டை மாடியில் இருக்கும், பூனை முருங்கையில் இருக்கும்.

அதே நாளில் முருங்கைக்கும் உறை போட வேண்டும். அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் மூன்றரை அடி உயரத்துக்கு வாங்கி, தண்டைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விட்டு உருளையாக வளைத்து, கட்டுக்கம்பியால் முடியுங்கள். கம்பி முனைகளை வெளிப்பக்கம் விடாதீர்கள், பூனைக்கும் ஆபத்து, உங்கள் புடவைக்கும் ஆபத்து. தண்டோடு ஒட்டிக் கட்டினால் மரம் பருக்கும்போது கம்பியே பட்டைக்குள் இறங்கிவிடும். கோழி வலையும் போடலாம், ஆனால் நாய் சாய்ந்தால் அமுங்கும். நார்க் கயிற்றை மரத்துக்கே சுற்றச் சொல்வார்கள், அது மழைக்காலத்தில் ஈரம் கோர்த்துப் பட்டையை அழுகவைக்கும். இன்னொன்று, பழைய மீன் வலை. நம் பக்கம் சும்மாவே கிடைக்கிறது என்று செடிமேல் தொங்கவிடுகிறார்கள். அந்த நைலான் நரம்பில் பூனைக் கால் சிக்கினால் இழுக்க இழுக்க அறுக்கும். ஓணானும் அணிலும்கூட மாட்டிச் சாகும். வேண்டாம்.

ஏற்கெனவே உரிந்த பட்டைக்கு என்ன செய்வது? ஒரு நூலை எடுத்துத் தண்டின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். பிறகு காயத்தின் அகலத்தை அளந்து பாருங்கள். இலையில் சமைத்த உணவு பட்டைக்கு உள்பக்கத் திசு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அதனால் காயம் மேலும் கீழும் எவ்வளவு நீளம் என்பதைவிட, சுற்றளவில் எவ்வளவை எடுத்துக்கொண்டிருக்கிறது என்பதே கணக்கு. கால் பங்குக்குள் என்றால் மரம் தானே ஆற்றிக்கொள்ளும். பாதிக்கு மேல் போனால் சிரமம். முழு வளையமாக உரிந்திருந்தால் மேல் பகுதி கொஞ்சம் கொஞ்சமாகக் காயும்.

தொங்குகிற பட்டைப் பிசிறுகளை மட்டும் கூரான கத்தியால் சீவிவிட்டு, காயத்தைக் காற்றாட விடுங்கள். சாணி, பெயின்ட், தார் எதுவும் வேண்டாம். தோப்புகளில் காயத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க போர்டோ பசை தடவுவார்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (செம்பு உப்பு) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. தோப்புக்கு அது சரி. நீங்கள் தடவினால், பூனை பிறாண்டிவிட்டு உட்கார்ந்து பாதத்தை நக்கும், செம்பு நேராக அதன் வயிற்றுக்குப் போகும்.

முழு வளையமாகவே போயிருந்தாலும் முருங்கைக்காக அழ வேண்டியதில்லை. காயத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் அடியிலிருந்து துளிர்க்கும். செடிமுருங்கையை விவசாயிகள் எப்படியும் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் வெட்டி மறுதாம்பு விடுகிறார்கள், நான்கைந்து மாதத்தில் திரும்பக் காய்க்கிறது. மரமுருங்கை என்றால் வெட்டின கிளையையே போத்தாக நட்டுக்கொள்ளலாம். காயம் பாதியளவு இருந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள்: ஐப்பசி பிறக்குமுன் மேல் கிளைகளைக் கழித்துப் பாரத்தைக் குறைத்துவிடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் நல்ல மரங்களே சாய்ந்தன. முருங்கை சாதாரணக் காற்றுக்கே முறிகிற மரம், காயம்பட்ட இடத்தில் சுலபமாக முறியும்.

முல்லை விஷயம் கொஞ்சம் சிக்கல். இலை ஓரம் கருகுவதற்கு நாயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நாயின் சிறுநீரில் யூரியா இருக்கிறது, உப்பும் இருக்கிறது. ஒரு கைப்பிடி யூரியாவை அள்ளி ஒரே இடத்தில் கொட்டினால் வேர் எப்படி வெந்துபோகுமோ அப்படித்தான் இதுவும். ஆனால் நீங்கள் இருப்பது கடலோரம். மீஞ்சூர், எண்ணூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுக் கதை, உங்கள் தெரு போர்வெல் தண்ணீரும் உப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். மண் காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இதோடு மீன் தண்ணீர் வேறு. மீனைக் கல்லுப்பு போட்டுத் தேய்த்துத்தானே கழுவுகிறோம்? அந்த உப்பெல்லாம் எங்கே போயிற்று? போர், நாய், மீன் மூன்றும் சேர்ந்து ஒரே வேரடியில் உப்பு இறக்கினால் பாவம் முல்லை என்ன செய்யும்.

குடிக்க வரும் மெட்ரோ தண்ணீரில் அரிசி, காய் கழுவினதைச் சேர்த்துவைத்து முல்லைக்கு ஊற்றுங்கள், உப்புச் சேர்க்காமல். ஆர்ஓ மிஷினிலிருந்து கழிவாக வெளியே வருகிற தண்ணீர் கூடவே கூடாது, அதில் உப்பு இன்னும் அதிகம். நாய் காலைத் தூக்கினதைப் பார்த்தால் உடனே ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மொட்டை மாடித் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் வருஷத்து உப்பு கழுவிக்கொண்டு போகும், வேரடியில் தேங்கி நிற்காமல் வடிந்தால் சரி.

ஆண் நாயா, கருத்தடை செய்தாயிற்றா என்று எழுதவில்லை. செய்யாத ஆண் நாய் மூத்திரம் முட்டித்தான் காலைத் தூக்குகிறது என்றில்லை, எல்லை போடுவதற்கும் தூக்கும். கருத்தடைக்குப் பிறகு பல நாய்களிடம் இது குறைகிறது. அதற்கென்று ஒரு கல்லோ கட்டையோ வாசலின் மறுபக்கம் நட்டு, காலையில் முதலில் அங்கே கூட்டிப்போய்ப் பழக்குங்கள். நீலத் தண்ணீர் பாட்டிலைப் பற்றி யாராவது சொல்வார்கள். சொட்டு நீலம் கலந்த பாட்டில்கள் பாதி வாசல்களில் தொங்குகின்றன. நீல நிறம் நாய்க்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் அது பயப்படுவதில்லை. பாட்டிலின் மேலேயே அடித்துவிட்டுப் போன நாயை நான் பார்த்திருக்கிறேன்.

குழி பறித்துப் படுப்பது வெயிலுக்காக. கத்திரியில் தெரு முழுக்க சிமென்ட் கொதிக்கும்போது ஈர மண் இருப்பது உங்கள் முல்லையடியில் மட்டும்தான். நிழலில் ஒரு ஈரச் சாக்கோ, மணல் நிரப்பிய பழைய தொட்டியோ வைத்துத் தினம் தண்ணீர் தெளியுங்கள், அது அங்கே போய்விடும். வேரடியில் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்குங்கள், மண் ஈரமும் காயாது, காலும் இறங்காது. அதற்கு மேல் முல்லைத் தண்டுக்கு நான்கு அங்குல பிவிசி பைப் ஒன்றை நீளவாக்கில் பிளந்து மூன்றடிக்குக் கவசமாக மாட்டிவிடுங்கள். வெயிலில் சூடாகாமல் இருக்க வெளியே சுண்ணாம்பு அடித்து, காற்றுக்கு நாலைந்து ஓட்டை போடவும். பைப் வழவழப்பில் பூனையாலும் பிடித்து ஏற முடியாது. பூனை கொடி வழியாக சன்ஷேடுக்கு ஏறுகிறது என்றால், எதற்கு என்றும் ஒரு நாள் கவனியுங்கள். கொடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கலாம்.

சொல்ல மறந்தேன், அந்த மூன்றடி மண்ணில் குப்பைமேனி முளைத்திருக்கிறதா? அதற்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பேர் உண்டு. வேர் வெளியே தெரிந்தால் போதும், சில பூனைகள் அதில் மூஞ்சியைத் தேய்த்துப் புரண்டு மயங்கிப் போகும். களை பிடுங்கி வேரை அங்கேயே போட்டுவிட்டு, பூனை ஏன் இங்கேயே சுற்றுகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிடுங்கினால் தூரக் கொண்டுபோய்ப் போடுங்கள்.

பாச்சா உருண்டைகளை இன்றைக்கே கையுறை போட்டுப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். அந்த நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், நாய் விழுங்கினால் ஆபத்து, பூனைக்கு இன்னும் ஆபத்து. ஃபினாயிலும் அப்படித்தான். இந்த மாதிரி ரசாயனங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. மிளகாய்த்தூள் பாதத்தில் ஒட்டும், பூனை அந்தப் பாதத்தாலேயே முகம் கழுவும். அப்புறம் கண் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா சொன்ன அரளி கூடாது. இலை, பூ, தண்டு, காய்ந்த சருகு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம், தோண்டவும் கடிக்கவும் ஆசைப்படுகிற நாயைச் சுற்றி அதை வேலியாக வைக்க முடியாது. கொடிகளில் கண்வலிக்கிழங்கு என்கிற செங்காந்தளும் குன்றிமணியும் விஷம்தான். செங்காந்தள் நம் மாநிலப் பூதான், அழகுதான், ஆனால் அதன் கிழங்கைத் தோண்டி எடுக்கிற நாய் இருக்கும் வீட்டில் அது வேண்டாம். மணி பிளான்ட்டைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் வடியும். பூனை இருந்தால் லில்லிப் பூச்செண்டுகூட வீட்டுக்குள் வரக் கூடாது, சிறுநீரகம் போய்விடும். முல்லையால் இரண்டுக்கும் கெடுதல் இல்லை.

எதையாவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். கடித்த இலையில் ஒரு துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஓடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து வேப்பேரி ஒன்றும் தூரமில்லை.