மலை வேட்டைக்கு எந்தக் கண்ணாடி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மலைக்கு 8×42 பைனாகுலர் போதுமா, 10×42 வேண்டுமா? கடையில் 12×50-ஐத்தான் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

பதில்: முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மி.மீ. கணக்கில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் தெரிந்துவிடும். 8×42-க்கு 5.25 மி.மீ.; 10×42, 12×50 இரண்டுக்குமே 4.2 மி.மீ. பகலில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. விடியலின் முதல் கால் மணியிலும் அந்தியின் கடைசிக் கால் மணியிலும் தெரியும்.

இனி நுணுக்கம். நல்ல பார்வை உள்ளவருக்கு வெறுங்கண்ணால் ஒரு கிலோமீட்டரில் 29 செ.மீ. அளவுள்ள விவரம்தான் பிரிந்து தெரியும். 8×-ல் அது 3.6 செ.மீ., 10×-ல் 2.9 செ.மீ. இது கருவி ஆடாமல் இருந்தால் வரும் கணக்கு. ஏற்றம் ஏறி மூச்சு வாங்கும்போது கையில் பிடித்த 10×-ல் நெஞ்சுத் துடிப்பே படத்தை உதறும்; அப்போது 8×-ல் தெரிவதுகூட அதில் தெரியாது. உட்கார்ந்து இரு முழங்கைகளையும் முழங்கால் மேல் ஊன்றினால் 10× அடங்கிவிடும். 12× அப்படியும் அடங்காது, அதற்கு டிரைபாட் வேண்டும்.

பார்வைப் பரப்பையும் கவனியுங்கள். 1,000 மீட்டரில் 8× ஏறக்குறைய 130 மீட்டர் அகலத்தைக் காட்டும், 10× 110 மீட்டர் சுமாருக்கு. மரம் அடர்ந்த சரிவென்றால் 8×42. மரக்கோட்டுக்கு மேலே பாறையும் புல்லுமாகத் திறந்த மலையென்றால் 10×42. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கும் 10×42-தான் என் பதில். எப்போதும் டிரைபாடில் ஏற்றியே பார்ப்பேன் என்று உறுதியாகச் சொல்பவர் மட்டும் 12×50 பக்கம் போகலாம்.

கேள்வி: பைனாகுலரை விட்டுவிட்டு நேரே ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் குழல் தொலைநோக்கி) வாங்கிவிட்டால் செலவு மிச்சம்தானே?

பதில்: மிச்சமாகாது. மிருகத்தைத் தேடுவது பைனாகுலரின் வேலை. கண்டதை இன்னதென்று தீர்மானிப்பது ஸ்கோப்பின் வேலை. 20×-ல் ஸ்கோப் காட்டும் அகலம் 1,000 மீட்டருக்கு 35 முதல் 40 மீட்டர்தான். அந்தச் சின்ன வட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு மலைமுகம் முழுக்கத் துழாவினால் பொழுது போய்விடும். ஒற்றைக் கண்ணால் பார்ப்பதால் சீக்கிரம் சலிப்பும் தட்டும்.

ஸ்கோப் எப்போது தவிர்க்க முடியாததாகிறது? சட்டம் கொம்பை அளக்கச் சொல்லும்போது. அலாஸ்காவில் டால் என்ற காட்டுச் செம்மறியின் கடாவைச் சுட வேண்டுமானால், பெரும்பாலான பகுதிகளில் ஒரு கொம்பாவது 360 பாகை முழுச் சுற்று சுற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் இரு கொம்பு நுனிகளும் முறிந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கொம்பின் ஆண்டு வளையங்களை எண்ணி வயது 8-க்குக் குறையாது என்று தெரிய வேண்டும். ஒரு கிலோமீட்டரில் 30× ஸ்கோப்புக்குப் பிரிந்து தெரிவது 1 செ.மீ. விவரம். கொம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்க்க அது போதும், வளையம் எண்ணப் போதாது. 400 மீட்டருக்கு நெருங்கினால் அது 4 மி.மீ. ஆகும், அப்போதுதான் எண்ணிப் பார்க்கலாம்.

வட அமெரிக்க மலை ஆட்டிலும் இதே சிக்கல்தான். கிடாவுக்குக் கொம்பின் அடி தடிமனாக, இரண்டுக்கும் நடுவே இடைவெளி குறுகலாக இருக்கும். பெட்டைக்கு அடி மெலிந்து, இடைவெளி அகன்றிருக்கும். பைனாகுலரில் இரண்டும் ஒரே வெள்ளை ஆடுதான்.

கேள்வி: 65 மி.மீ. ஸ்கோப்பா, 85 மி.மீ. ஸ்கோப்பா? இரண்டிலும் 60× வரை ஜூம் இருக்கிறது.

பதில்: அந்த 60-ஐ மறந்துவிடுங்கள். 60×-ல் 65 மி.மீ. ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் கற்றை 1.1 மி.மீ., 85-ல் 1.4 மி.மீ. இரண்டுமே மங்கல்தான். 65 மி.மீ. லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கத்தில் பெரும்பகுதி 40×-க்குள் கிடைத்துவிடும். அதற்கு மேல் படம் பெரிதாகும், விவரம் அவ்வளவாகக் கூடாது.

அதைவிடப் பெரிய எதிரி கானல். வெயில் ஏறி, சூடான பாறையிலிருந்து காற்று எழும்பத் தொடங்கியதும் 60×-ல் மிருகத்தின் கால்கள் நெளியும், கொம்பின் நுனி கரைந்துபோகும். லென்ஸ் எவ்வளவு உயர்ந்ததானாலும் இதைச் சரிசெய்யாது. ஜூமை 25×, 30×-க்கு இறக்குங்கள். ஸ்கோப்புக்கு நேர் முன்னால் வெயில் காயும் பாறை இருந்தால் இடம் மாறுங்கள். தரையை ஒட்டிப் போகும் பார்வைக் கோட்டைவிடப் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே போகும் கோட்டில் கலக்கம் குறைவு. வெதுவெதுப்பான கூடாரத்திலிருந்து குளிருக்குள் எடுத்து வந்ததும் படம் கலங்கினால் அது குழாய்க்குள் இருக்கும் காற்றின் வேலை. கால் மணி நேரம் வெளியே ஆறவிடுங்கள்.

ஐபீஸோடு (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் பகுதி) சேர்த்து 85 மி.மீ. ஸ்கோப் 65-ஐவிட அரைக் கிலோ அளவுக்குக் கனக்கும், அதைத் தாங்கும் டிரைபாடும் கனக்கும். முதுகில் சுமந்து நாள்கணக்கில் நடப்பவருக்கு 65. கூடாரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்தி மங்கும்வரை எதிர்மலையைப் பார்ப்பவருக்கு 85 நியாயமானது.

கேள்வி: நேர்க்குழல் நல்லதா, வளைந்த ஐபீஸ் நல்லதா?

பதில்: மேல்நோக்கிப் பார்க்க வளைந்தது, கழுத்து பின்னால் மடங்காது, டிரைபாடையும் தாழ வைக்கலாம். கீழ்நோக்கிப் பார்க்க நேர்க்குழல். பைனாகுலரில் கண்டதைச் சட்டென்று ஸ்கோப்புக்குள் கொண்டுவர நேர்க்குழலே சுலபம். வளைந்ததில் அந்தப் பழக்கம் கைக்கு வரச் சில நாள் பிடிக்கும். இருவர் மாறி மாறிப் பார்ப்பதானால் வளைந்தது வாங்குங்கள். உயரத்தை மாற்றாமல் ஆளுக்கு ஆள் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: டிரைபாடில் எதைக் கவனிப்பது? எடை குறைந்தது போதுமா?

பதில்: இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். நடுத்தர ஸ்கோப்பும் நல்ல டிரைபாடும் வைத்திருப்பவர், உயர்தர ஸ்கோப்பைப் புகைப்பட விளையாட்டுச் சாமான் மேல் வைத்திருப்பவரைவிட நிச்சயம் அதிகம் பார்ப்பார்.

மலையில் பார்ப்பதெல்லாம் உட்கார்ந்துதான். ஆகவே ஆளுயர டிரைபாட் வேண்டாம். தலைப்பகுதி சேர்த்து 1.2 முதல் 1.8 கிலோவுக்குள் ஒரு கார்பன் டிரைபாட் போதும். நடுத்தண்டு இல்லாததாகப் பாருங்கள். இருந்தாலும் அதை உயர்த்தாதீர்கள். உயர்த்திய தண்டு காற்றில் அதிரும், அந்த அதிர்வு 30×-ல் முப்பது மடங்காகத் தெரியும். கால்களை அகல விரித்துத் தாழ வையுங்கள். முதுகுப் பையைத் தொங்கவிட்டுக் கனம் ஏற்றுவதாக இருந்தால் பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அந்தரத்தில் ஊசலாடும் பை ஆட்டத்தைக் கூட்டவே செய்யும்.

உருண்டை மூட்டுத் தலை எடை குறைவு என்று வாங்குகிறார்கள். பூட்டைத் தளர்த்திய நொடியில் ஸ்கோப்பின் மூக்கு தொப்பென்று கீழே சாயும். பார்த்துக்கொண்டிருந்த இடம் போயே போச்சு. பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் தனித்தனியே நகரும், கைப்பிடி வைத்த தலையே மலைமுகத்தை வரிசையாகத் துழாவ ஏற்றது.

பைனாகுலரையும் இதே டிரைபாடில் ஏற்றுங்கள். பெரும்பாலான 42 மி.மீ. பைனாகுலர்களில் நடுக்கீலின் முன்னால் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தால் உள்ளே கால் அங்குல மரை. அதில் ஒரு அடாப்டர், அவ்வளவுதான். காது அசைவும் வாலாட்டமும் கண்ணில் படுவது இதற்குப் பிறகுதான்.

கேள்வி: மூக்குக்கண்ணாடி போடுபவன் நான். பைனாகுலரில் பார்த்தால் ஓரத்தில் கறுப்பு நிழல் வந்து வந்து போகிறது.

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். ஐபீஸிலிருந்து கண் எவ்வளவு தூரம்வரை தள்ளி இருந்தால் முழு வட்டமும் தெரியும் என்பது கருவிக்குக் கருவி மாறும். கண்ணாடி அணிபவருக்கு அந்தத் தூரம் 16 மி.மீ.யாவது வேண்டும், 18 இருந்தால் நிம்மதி. இது ஒன்று. ஐகப்பை (ஐபீஸைச் சுற்றியுள்ள, ஏற்றி இறக்கும் வளையம்) முழுக்க உள்ளே இறக்காமல் பார்ப்பது மற்றொன்று. கண்ணாடி போட்டவர் உள்ளே இறக்க வேண்டும், போடாதவர் வெளியே இழுக்க வேண்டும். கீலை மடக்கி இரு வட்டமும் ஒன்றாகும்படி கண் இடைவெளியையும் பொருத்திக்கொள்ளுங்கள்.

கூடவே டையாப்டரையும், அதாவது இரு கண்ணின் பார்வை வித்தியாசத்தைச் சமன்செய்யும் வளையத்தையும், சரிசெய்யுங்கள். வலது லென்ஸை மூடியால் மறைத்து, இரு கண்ணும் திறந்தபடி, தூரத்துக் கிளை ஒன்றை நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மறைத்து, நடுச் சக்கரத்தைத் தொடாமல், அதே கிளையை டையாப்டர் வளையத்தால் தெளிவாக்குங்கள். நின்ற எண்ணை நினைவில் வையுங்கள். பையில் உரசி அது நகர்ந்துவிடும்.

கேள்வி: அரை மணி பார்த்தால் தலைவலி. கருவியில் பழுதா, கண்ணிலா?

பதில்: முதலில் மேலே சொன்ன டையாப்டரைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் இரு குழலும் ஒரே திசையைப் பார்க்காமல் இருக்கலாம். ஒருமுறை கீழே விழுந்தாலே அப்படி ஆகலாம். பைனாகுலரை டிரைபாடில் நிறுத்தித் தூரத்துக் கூரை விளிம்பு போன்ற கிடைக்கோட்டைப் பாருங்கள். கண்ணை மெல்லப் பின்னுக்கு இழுத்தால் இரு வட்டமும் தனித்தனியாகப் பிரியும். கோடு ஒன்றில் மேலும் மற்றொன்றில் கீழுமாகத் தெரிந்தால் பழுது உறுதி. பக்கவாட்டு விலகலைக் கண் ஓரளவு சமாளித்துக்கொள்ளும், மேல்கீழ் விலகலைச் சமாளிக்காது. நீங்களே திருப்புளியை எடுக்காதீர்கள். சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: கடையில் பத்து நிமிடத்தில் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: கண்ணாடியைக் கையெட்டும் தூரத்தில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஐபீஸைப் பாருங்கள். ஒளி வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரங்கள் சதுரம்போல் வெட்டுப்பட்டிருந்தால் பிரிசத்தில் சிக்கனம் செய்திருக்கிறார்கள். வானத்துக்கு எதிரே கறுத்த கிளை ஒன்றைப் பாருங்கள். விளிம்பில் ஊதாவும் பச்சையுமாகச் சாயம் வழிந்தால் ஈ.டி. கண்ணாடி (நிறச் சிதறலைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி) இல்லை, அல்லது பெயருக்குத்தான் இருக்கிறது. முடிந்தால் சாயங்காலம் போங்கள். தாழ்ந்த சூரியனுக்குச் சற்றுப் பக்கத்தில் நிழலான இடத்தைப் பார்த்துப் படம் பால்போல் வெளுக்கிறதா என்று சோதியுங்கள். மலையில் விடியலில் நீங்கள் பார்க்கப்போவது இப்படித்தான், விற்பனையறை விளக்கில் எல்லாக் கருவியும் அழகாகவே தெரியும். ரூஃப் பிரிசம் (குழல்கள் நேராக இருக்கும் வகை) என்றால் ஃபேஸ் கோட்டிங் என்ற பிரிசப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் நுணுக்கம் குறையும்.

கேள்வி: தூரம் அளக்கும் பைனாகுலர் வாங்கலாமா?

பதில்: எடையும் விலையும் ஏறும், திரையமைப்பால் சிலவற்றில் படத்தில் லேசான நிறம் ஏறும். ஆனால் கையில் இரண்டு கருவி மாற்ற வேண்டாம். சரிவுக் கோணத்தைக் கணக்கில் எடுப்பதாக இருக்க வேண்டும்: 30 பாகைச் சரிவில் 400 மீட்டர் என்று காட்டினால் கிடைத்தூரம் 346 மீட்டர்தான். மூடுபனியில் லேசர் பனியிலேயே பட்டுத் திரும்பும். குளிரில் பேட்டரி துவளும், உபரி பேட்டரி சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

கேள்வி: காலையில் லென்ஸ் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. நைட்ரஜன் நிரப்பியது என்றுதானே விற்றார்கள்?

பதில்: நைட்ரஜன் உள்பக்கத்தைக் காக்கும். வெளியே படிவது உங்கள் மூச்சு. பைனாகுலரை ஜாக்கெட்டுக்கு உள்ளே போடாமல் மார்பு உறையில் வெளியே மாட்டுங்கள், பார்க்கும்போது மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள். ஆவியைச் சட்டை நுனியால் துடைக்க வேண்டாம். பாறைத்தூள் கோட்டிங்கைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதி, பிரஷால் தட்டி, அதன் பிறகே துணி. உள்பக்கமே ஆவி படிந்தால் சீல் போய்விட்டது, உத்தரவாதம் இருக்கும்போதே திருப்பி அனுப்புங்கள்.