எழுதி வாங்கிக்கொண்டால் போதுமா?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 18 வீடுகள். சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். போன வாரம் செப்டிக் டேங்க் நிரம்பி லாரியை வரவழைத்தோம். தண்ணீரை உறிஞ்சிவிட்டது, அடியில் கெட்டிப்பட்ட சகதி மட்டும் வரவில்லை. லாரியோடு வந்த பையன், “1,500 ரூபாய் கொடுங்க சார், நானே இறங்கி வாரிடுறேன்” என்கிறான். ‘என் சொந்த விருப்பத்தில் இறங்குகிறேன்’ என்று கையெழுத்து வாங்கிவிட்டால் நமக்குப் பொறுப்பில்லை என்கிறார் செயலாளர். சரியா?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: அந்தத் தாளை முதலில் கிழித்துப் போடுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் உங்களுக்கு எதிரான சாட்சியே அதுதான். ‘ஆபத்து என்று தெரிந்துதானே எழுதி வாங்கினீர்கள்?’ என்ற கேள்விக்குச் செயலாளரால் பதில் சொல்ல முடியாது. சட்டம் தடுத்த வேலைக்குப் போடும் ஒப்பந்தம் செல்லாது.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய யாரையும் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. அந்த ‘மறைமுகமாக’ உங்களைப் போன்றவர்களுக்காகவே. ‘அவன் லாரிக்காரரின் ஆள், எங்களுக்கு என்ன?’ என்று நழுவ முடியாது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2014-இல் அது 10 லட்சமாக இருந்தது.

நான் ஆய்வாளராக இருந்தபோது ஒரு தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியைப் பார்க்கப் போனேன். விளிம்பில் இரண்டு ஜோடிச் செருப்புகள் ஒழுங்காக இருந்தன. மூன்றாவது ஜோடியில் ஒன்று பத்தடி தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது. முதல் ஆள் விழுந்ததும் இரண்டாமவர் இறங்கியிருக்கிறார். மூன்றாமவர் ஓடி வந்து குதித்திருக்கிறார். மூக்கில் கட்டிய துண்டும் அவிழவில்லை.

துண்டு எதற்கும் உதவாது. சகதியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குவார்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வழக்கமும் வேண்டாம். இந்த விஷவாயு இருந்தாலும் தீ அணையாமல் எரியலாம். மீத்தேன் இருந்தால் வெடிக்கும். சகதியைக் கிளறும்போதுதான் வாயு அதிகமாக வெளியே வரும். தொட்டி காலியாக இருக்கிறதே என்ற தைரியமே ஆளைக் கொல்கிறது.

அப்புறம், ‘பையன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வயது கேட்டீர்களா?

என்ன செய்யலாம்? உள்ளாட்சியின் உரிமம் பெற்ற லாரியை மறுபடி கூப்பிடுங்கள். மேலிருந்தே ஜெட் அடித்து, தண்ணீர் விட்டுச் சகதியைக் கரைத்து, திரும்ப உறிஞ்சச் சொல்லுங்கள். ஒரு நடையில் வராவிட்டால் இரண்டு நடை. செலவு கூடும், 18 வீட்டுக்குப் பிரித்தால் பெரிதில்லை. வேலை முடியும்வரை குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

அவர் வயது வந்தவர் என்றால் அந்த 1,500 ரூபாயை அவரிடமே கொடுங்கள். மேலே நின்று குழாய் பிடிக்கவும் ஆள் வேண்டுமே.