ஈனாக் பவல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பிரிட்டிஷ் நாடாளுமன்ற வரலாற்றைப் பல வருடங்களாகப் பாடம் நடத்தி வருகிறேன். எந்த வகுப்பிலும் அதிகக் கேள்வி எழுவது ஈனாக் பவல் பெயரைச் சொன்னதும்தான். இந்த முறை வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, பவல் யார்? ஒரே ஒரு பேச்சுக்காகவா இன்னும் பேசுகிறார்கள்? (மாணவி, திருச்சி)

ஆமாம் அம்மா, பெரும்பாலும் அதற்காகத்தான். ஆனால் ஆள் சாதாரணமானவர் அல்ல. 1912-இல் பர்மிங்காமில், ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர். 25 வயதிலேயே சிட்னி பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்து, பிரிகேடியர் வரை உயர்ந்தார். 1950-இல் கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் வுல்வர்ஹாம்ப்டன் தென்மேற்குத் தொகுதி எம்.பி. அரசு அதிகம் செலவழிக்கிறது என்று சொல்லி 1958-இல் நிதித்துறைப் பதவியை உதறினார். 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சர். மனதில் பட்டதைச் சொல்லிவிட்டு விளைவை ஏற்றுக்கொள்ளும் ஆள் என்று கட்சிக்காரர்களுக்கு முன்பே தெரியும்.

'ரத்த ஆறுகள்' பேச்சில் அப்படி என்னதான் சொன்னார்? (சேலம்)

முதலில் ஒன்று. அந்தத் தலைப்பு பேச்சில் கிடையாது, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. வர்ஜிலின் இலத்தீன் காவியத்தில் டைபர் நதி ரத்தம் நுரைத்து ஓடுவதாக ஒரு தீர்க்கதரிசனம் வரும். அதே காட்சி தன் கண்ணுக்கும் தெரிவதாக முடிவில் சொன்னார்.

நாள் 1968 ஏப்ரல் 20, சனிக்கிழமை. இடம் பர்மிங்காமில் ஒரு ஹோட்டல் அரங்கம். அப்போது ஆட்சியில் இருந்த லேபர் (தொழிற்கட்சி) அரசு ஒரு மசோதா கொண்டுவந்திருந்தது. தோல் நிறத்தைக் காரணம் காட்டி வீடு, வேலை, சேவை மறுப்பதைச் சட்டவிரோதமாக்கும் மசோதா. 'கறுப்பர்களுக்கு அறை இல்லை' என்று ஜன்னலில் அட்டை தொங்கிய காலம் அது. பவல் அந்த மசோதாவை எதிர்த்தார். குடியேற்றத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்த வேண்டும், வந்தவர்கள் திரும்பிப் போகப் பணம் கொடுத்து ஊக்குவிக்க வேண்டும் என்றார்.

இதுவரை அது ஒரு கொள்கை. ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். என்னை உறுத்துவது அதற்காக அவர் சொன்ன கதைகள். ஒரு தெருவில் தனியாக வாழும் வெள்ளைக்கார மூதாட்டி, கறுப்பர்களுக்கு அறை வாடகைக்குத் தர மறுத்தாராம். அதன் பிறகு ஜன்னல் உடைகிறது, கதவில் கடிதம் போடும் துவாரம் வழியாக மலம் உள்ளே வந்து விழுகிறது, வெளியே போனால் குழந்தைகள் பின்னால் வந்து கேலி செய்கிறார்கள். அந்தக் குழந்தைகளைக் குறிக்க, கறுப்பினக் குழந்தைகளை இழிவாக அழைக்கும் ஒரு பழைய வசைச்சொல் வருகிறது. இதெல்லாம் தனக்கு வந்த கடிதத்தில் இருப்பதாகச் சொல்லி அவர் வாசித்தது. இன்னும் பதினைந்து இருபது வருடத்தில் சாட்டை கறுப்பர் கைக்குப் போய்விடும் என்ற வாக்கியமும் தொகுதிக்காரர் ஒருவர் சொன்னதாகத்தான் வருகிறது. பத்திரிகையாளர்கள் வுல்வர்ஹாம்ப்டன் தெருக்களில் அந்த மூதாட்டியைத் தேடி அலைந்தார்கள். அப்போது யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிரேக்கப் பிரதிகளில் ஒரு எழுத்துப் பிழையைக்கூட விடாமல் சரிபார்த்த அறிஞர், உயிரோடு பக்கத்துத் தெருவில் வாழும் மனிதர்களைப் பற்றி ஒரு கடிதத்தில் இருந்ததை அப்படியே மேடையில் வாசித்தார். அவர் செய்த பெரிய தவறு இதுதான் என்பது என் கருத்து.

கட்சி என்ன செய்தது? மக்கள்? (மதுரை)

கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் மறுநாளே அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து, அதாவது எதிர்க்கட்சியின் மாற்று அமைச்சர் குழுவிலிருந்து, நீக்கினார். அதன் பிறகு பவலுக்கு எந்தப் பதவியும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை 'டைம்ஸ்' நாளிதழ் இதைத் தீய பேச்சு என்று தலையங்கம் எழுதியது. வுல்வர்ஹாம்ப்டன் நாளிதழின் ஆசிரியர் பவலுக்குக் குடும்ப நண்பர். அந்த நட்பும் அதோடு முறிந்தது.

தெருவில் நிலைமை வேறு. செவ்வாய்க்கிழமை சுமார் ஆயிரம் துறைமுகத் தொழிலாளர்கள் பவலை ஆதரித்து நாடாளுமன்றம் வரை ஊர்வலம் போனார்கள். தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள், தலைமுறையாக லேபருக்கு ஓட்டுப் போட்டவர்கள். கேலப் கருத்துக்கணிப்பில் 74 சதவீதம் பேர் பவல் பேச்சை ஏற்பதாகச் சொன்னார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. இதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

அவர் சொன்ன எண்ணிக்கை கிட்டத்தட்டச் சரிதானே? பிறகு ஏன் குறை சொல்கிறீர்கள்? (லண்டன்)

நியாயமான கேள்வி. 2000 வாக்கில் குடியேறியவர்களும் அவர்கள் வம்சாவளியும் 50 முதல் 70 லட்சம், மக்கள்தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்றார். 2001 கணக்கெடுப்பில் சிறுபான்மை இனத்தவர் 46 லட்சம், 7.9 சதவீதம். கொஞ்சம் கூட்டிச் சொன்னார், ஆனால் தலைகீழான தப்பு அல்ல.

தப்பாகப் போனது எண்ணிக்கையிலிருந்து அவர் எடுத்த முடிவு. இத்தனை பேர் வந்தால் ரத்தம்தான் என்றார். 1981-இல் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் கலவரம் வந்தபோது 'பார்த்தீர்களா, பவல் சொன்னது நடக்கிறது' என்றார்கள். விசாரித்த ஸ்கார்மன் பிரபு, வேலையின்மையையும் கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் நிறுத்திச் சோதனை போட்ட விதத்தையும் எடுத்துக்காட்டினார். வெள்ளையரும் கறுப்பரும் தெருவில் மோதிக்கொண்ட போர் அல்ல அது. அப்புறம் இன்னொன்று. அதே பேச்சில் வுல்வர்ஹாம்ப்டன் சீக்கியப் பேருந்து ஊழியர்கள் வேலையில் தலைப்பாகை அணிய அனுமதி கேட்டு நடத்திய போராட்டத்தையும் நாட்டைத் துண்டாடும் அபாயத்தின் அடையாளமாக அவர் சுட்டினார். அடுத்த வருடமே தலைப்பாகைத் தடை நீங்கியது. பேருந்துகள் ஓடின.

இந்தியாவில் இருந்தவராமே? (கோவை)

போர்க்காலத்தில், 1943 முதல் 1946 வரை. இந்தியாவை மனதார நேசித்தார், உருது கற்றார், வைஸ்ராய் ஆக வேண்டும் என்று கனவு கண்டார். இந்தியாவை விட்டு வெளியேறப் போவதாக 1947-இல் பிரதமர் அட்லியின் அரசு அறிவித்த இரவு, தாங்க முடியாமல் லண்டன் தெருக்களில் நடந்துகொண்டே இருந்தாராம்.

குடியேற்றம் பற்றிய அவர் எண்ணத்துக்கு வேர் இங்கேதான் என்று நினைக்கிறேன். இந்தியா கைவிட்டுப் போனதோடு பேரரசு முடிந்தது, காமன்வெல்த் என்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் நாடகம் என்ற முடிவுக்கு வந்தார். ஆனால் 1948 குடியுரிமைச் சட்டப்படி காமன்வெல்த் நாட்டவர் யாரும் பிரிட்டனுக்கு வந்து வாழலாம் என்று அப்போது இருந்தது. பேரரசு இல்லாதபோது அதன் கதவு மட்டும் ஏன் திறந்திருக்கிறது என்பது அவர் கேள்வி. தர்க்கம் சரி. ஆனால் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள் சட்டப்படி வந்தவர்கள். அவருடைய துறையின் மருத்துவமனைகளிலேயே வெளிநாட்டு மருத்துவர்களும் செவிலியர்களும் வேலை பார்த்தார்கள்.

நிறவெறியர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாமா? (யாழ்ப்பாணம்)

முடிக்க மாட்டேன், ஹோலா இருப்பதால். கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சி நடந்தபோது ஹோலா முகாமில் 1959 மார்ச் மாதம் 11 கைதிகளைக் காவலர்கள் அடித்தே கொன்றார்கள். வண்டியில் வந்த தண்ணீரைக் குடித்து இறந்தார்கள் என்று முதலில் அறிக்கை விட்டார்கள். ஜூலை மாதம் நடந்த விவாதத்தில் நள்ளிரவு தாண்டி பவல் எழுந்தார். ஆட்சியில் இருந்தது அவருடைய சொந்தக் கட்சி. செத்தவர்கள் மனிதரிலும் கீழானவர்கள் என்ற பேச்சு அவையில் அடிபட்டிருந்தது. ஒரு மனிதன் இப்படிப்பட்டவன், ஆகவே அவன் சாவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்பது பயங்கரமான கோட்பாடு என்றார் பவல். ஆப்பிரிக்காவில் ஆப்பிரிக்க அளவுகோல், ஆசியாவில் ஆசிய அளவுகோல், இங்கே பிரிட்டிஷ் அளவுகோல் என்று வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை என்றார். எதிர்க்கட்சியின் டெனிஸ் ஹீலி, தான் கேட்ட நாடாளுமன்றப் பேச்சுகளில் மிகச் சிறந்தது அதுதான் என்று பின்னாளில் சொன்னார்.

அதனால்தான் எனக்குக் கோபம் அதிகம். ஆப்பிரிக்கக் கைதிகளுக்காக அந்த இரவில் நீட்டிய அளவுகோலை, தன் தொகுதியில் வாடகை அறை தேடி அலைந்த ஜமைக்காக்காரருக்கு அவர் நீட்டவில்லை.

மற்ற விஷயங்களிலும் பழமைவாதிதானா? (நெல்லை)

இல்லை தம்பி. மரண தண்டனையை எதிர்த்தார். ஒருபால் உறவைக் குற்றமற்றதாக்கிய 1967 சட்டத்தை ஆதரித்தார்.

பிரெக்ஸிட்டுக்கு அவர்தான் முன்னோடியா? (சென்னை)

கட்சிக்குள் மிக வலுவான முன்னோடி என்று சொல்லலாம். சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றம் வெளியே கொடுக்கக் கூடாது என்பது அவருக்கு மதம் மாதிரி. ஹீத் பிரதமராக இருந்து, பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியமான ஐரோப்பியப் பொதுச்சந்தையில் நாட்டைச் சேர்த்தார். 1974 பிப்ரவரி தேர்தலில் பவல் சொந்தக் கட்சி சார்பில் நிற்க மறுத்து, சந்தையில் நீடிப்பதா என்று வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொன்ன லேபருக்கு ஓட்டுப் போடச் சொன்னார். கூட்டத்தில் ஒருவர் 'யூதாஸ்' என்று கத்தினார். யூதாஸ் கூலி வாங்கினான், நான் தியாகம் செய்கிறேன் என்று அங்கேயே பதில் கொடுத்தார். லேபர் 301, கன்சர்வேட்டிவ் 297, ஹீத் பதவி போயிற்று. 1975 வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் சந்தையில் நீடிக்கவே ஓட்டுப் போட்டார்கள். அதற்குள் பவல் வட அயர்லாந்தின் தெற்கு டவுன் தொகுதிக்கு எம்.பி. ஆகியிருந்தார். 1987 வரை அங்கேதான் இருந்தார், 1998-இல் மறைந்தார்.

இன்று அவர் கட்சியைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்? (சிங்கப்பூர்)

அவர் வாயில் நான் வார்த்தை வைக்க விரும்பவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். 2010-இல் அவருடைய பழைய தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சி சார்பில் வென்றவர் பால் உப்பல் என்ற சீக்கியர். 2022-இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தியக் குடும்பத்தின் மகன் ரிஷி சுனக் பிரதமர் ஆனார். 2024-இல் நைஜீரியப் பெற்றோரின் மகள் கெமி பேடனாக் கட்சித் தலைவர்.

எதை முதலில் படிக்கலாம்? (திருச்சி மாணவியே மறுபடியும்)

ஹோலா பேச்சை அம்மா. நாடாளுமன்றப் பதிவேட்டில் 1959 ஜூலை 27 தேதியில் தேடுங்கள், நள்ளிரவுக்குப் பின் வரும் பகுதி. அதைப் படிக்கும் நாளிலேயே 1968 பர்மிங்காம் பேச்சையும் முழுதாகப் படியுங்கள், மேற்கோள்களை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டாம். படித்துவிட்டு உங்களுக்கு என்ன தோன்றியது என்று எழுதுங்கள், அடுத்த வகுப்பை அதிலிருந்தே தொடங்குகிறேன்.