ஃபயர்வால் ஃபர்ம்வேர் அப்கிரேடு பாதியில் நின்றுவிட்டது, பவர் லைட் மட்டும் எரிகிறது. பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

தூக்கிப் போடாதீர்கள். ஃபயர்வால் என்பது நெட்வொர்க்கின் காவல் பெட்டி, ஃபர்ம்வேர் அதற்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருள். அப்கிரேடு கொடுத்துப் பத்து நிமிஷமாகியும் வெப் பக்கம் வரவில்லை, பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டேன், அதற்கப்புறம் பிங் (பெட்டி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இதேதான் நடந்தது, பெட்டி பிழைத்துக்கொண்டது.

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்கு நான்தான் நெட்வொர்க் பார்த்துக்கொள்கிறேன். அந்த வாரம் ஃபயர்வாலின் விபிஎன் (வெளியிலிருந்து பாதுகாப்பாக உள்ளே வரும் வழி) பகுதியில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்திருந்தது, தள்ளிப்போட மனசில்லாமல் சனிக்கிழமை ராத்திரி கடை சாத்தியதும் உட்கார்ந்துவிட்டேன். நடுவில் இரண்டு பதிப்புகள் ஏறித்தான் புதியதுக்கு வர வேண்டும் என்று ரிலீஸ் நோட்ஸில் (பதிப்போடு வரும் குறிப்பில்) போட்டிருந்ததைப் பார்க்காமல் நேராகத் தாவினேன், எட்டாவது நிமிஷம் பொறுமை போய் பிளக்கையும் பிடுங்கினேன். இரண்டும் தப்பு. அந்த நேரத்தில் பெட்டி உள்ளே ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும், முடிக்கும்வரை வெப் பக்கம் பதில் சொல்லாது, சின்னப் பெட்டிகளின் பிராசசரும் மெதுவானது. இப்போதெல்லாம் அரைமணி நேரம் கையே வைக்க மாட்டேன்.

முதலில் தொழில் ஓடட்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்கா கூட்டம் உங்களுக்கே தெரியும், காலையில் கடைக்காரர், "தம்பி, நெட்ஸ் ஓடலைன்னா இன்னைக்கு யாவாரமே போச்சு" என்று சொல்லிக்கொண்டு கல்லாவில் நிற்கிறார். நெட்ஸ் என்பது இங்கே கார்டில் பணம் வாங்கும் முறை. வீட்டிலிருந்து ஒரு சாதாரண வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து ஃபைபர் பெட்டியில் மாட்டி, நெட்ஸ் மெஷினுக்கு மட்டும் லைன் கொடுத்தேன். கேமரா, கணக்குக் கம்ப்யூட்டர் எதையும் அதில் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். ரவுட்டரை மாற்றியதும் இன்டர்நெட் வரவில்லை என்றால் பதறாமல் ஃபைபர் பெட்டியை அணைத்து இரண்டு நிமிஷம் கழித்துப் போடுங்கள், சில லைன்களில் பழைய பெட்டியின் மேக் முகவரியையே (வன்பொருள் எண்ணையே) பிடித்துக்கொண்டிருக்கும்.

இனி ஃபயர்வாலுக்கு வருவோம். ரீசெட் பட்டனை அமுக்கிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, பெரும்பாலான மாடல்களில் அது செட்டிங்கைத்தான் அழிக்கும், உடைந்த ஃபர்ம்வேரைச் சரிசெய்யாது. உங்களுக்கு வேண்டியது கன்சோல் கேபிள், லேப்டாப்பிலிருந்து பெட்டியோடு எழுத்தில் நேராகப் பேச. பெட்டியை எழுப்பும் பூட்லோடர் என்கிற சின்ன நிரல் ஃபிளாஷில் தனி இடத்தில் இருக்கிறது, சாதாரண அப்கிரேடு பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை, அது பேசுவது கன்சோலில்தான். ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிளில் இருக்கும் முனை) உள்ள கேபிள் சிம் லிம் டவரில் கிடைக்கும், நான் வாங்கியது 18 வெள்ளி. பெட்டியின் கன்சோல் துளை வேறு மாதிரி இருந்தால் அதற்கேற்றதாகக் கேளுங்கள். லேப்டாப்பில் புட்டி என்கிற கன்சோல் நிரலைத் திறந்து வேகத்தைப் போட வேண்டும்: போர்ட்டிகேட், சிஸ்கோ மாதிரிப் பெட்டிகளில் 9600, மைக்ரோடிக், நெட்கேட் என்றால் 115200. திரையில் கிறுக்கல் எழுத்து வந்தால் வேகம் தப்பு. ஒன்றுமே வராவிட்டால் காம் போர்ட் எண்ணையும் (லேப்டாப் அந்தக் கேபிளுக்குக் கொடுத்த எண்) கேபிளையும் பாருங்கள், அதுவும் சரியாக இருந்தால் பவர் அடாப்டர். பழைய அடாப்டர் லைட்டை எரிய வைக்கும், ஆனால் பெட்டி முழுசாக எழும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். அதே வோல்ட், அதே முனை, ஆம்பியர் குறையாத வேறொன்றைப் போட்டுப் பாருங்கள்.

என் திரையில் பூட்லோடர் வரிகள் ஐந்தாறு ஓடி, செக்சம் (கோப்பு முழுசாக இருக்கிறதா என்று பார்க்கும் கணக்கு) தப்பு என்று ஒரு வரி வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, ஓயாமல். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. பேசுகிற பெட்டி சாகவில்லை. தொடங்கிய இரண்டு மூன்று விநாடிக்குள் திரையில் சொல்கிற விசையை, பல பெட்டிகளில் ஏதாவது ஒரு விசையை, அமுக்கினால் மெனு வரும். பல பெட்டிகள் பழைய ஃபர்ம்வேரை ஃபிளாஷின் இன்னொரு பகுதியில் (பார்ட்டிஷனில்) வைத்திருக்கும், அதிலிருந்து பூட் செய்ய மெனுவில் வழி இருந்தால் முதலில் அதைத்தான் முயல வேண்டும். ஃபார்மேட் என்று இருப்பதைக் கடைசிவரை தொடாதீர்கள், செட்டிங்கும் சேர்ந்து போய்விடும்.

எனக்கு அந்த வழி ஓடவில்லை, டிஎஃப்டிபி (நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் எளிய முறை) மூலம் புதிதாக ஏற்ற வேண்டியதாகிவிட்டது. லேப்டாப்பில் டிஎஃப்டிபி சர்வர் நிரல், பூட்லோடர் கேட்கிற முகவரியைக் கையால் போட்ட ஐபி, வைஃபை அணைப்பு, விண்டோஸ் ஃபயர்வாலில் டிஎஃப்டிபி பயன்படுத்தும் யூடிபி 69 போர்ட்டுக்கு அனுமதி. பெட்டி ரீபூட் ஆகும்போதெல்லாம் லேப்டாப்பின் லைன் விழுந்து எழும், அதற்குள் பெட்டி கேட்டு ஓய்ந்துவிடும், அதனால் நடுவில் ஒரு சின்ன சுவிட்சை வைத்தேன். அப்படியும் 32 எம்பி வந்ததும் நின்றது. மூன்று முறை, அதே இடத்தில். காரணம் என் பழைய சர்வர் நிரல். டிஎஃப்டிபி ஒவ்வொரு துண்டாக 512 பைட் அனுப்பி அதற்கு ஒரு எண் போடும், அந்த எண் 65535க்கு மேல் போகாது, பெருக்கிப் பார்த்தால் 32 எம்பி. எண்ணை மறுபடி தொடங்கவோ துண்டைப் பெரிதாக்கவோ தெரிந்த புது நிரலைப் போட்டதும் கோப்பு ஒரே மூச்சில் ஏறியது. ஏற்றுவதற்கு முன் கோப்பின் ஷா256 மதிப்பை (கோப்பின் கைரேகை மாதிரி)த் தயாரிப்பாளர் தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுவிடுங்கள், மாடலின் கடைசி எழுத்தையும் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு பெட்டியின் ஃபர்ம்வேர்.

எந்தப் பதிப்பை ஏற்றுவது? புதியதை இல்லை. உங்கள் பேக்கப் எந்தப் பதிப்பில் எடுத்ததோ அதே பதிப்பு. அதில் பேக்கப்பை ஏற்றி, நெட்ஸ், விபிஎன், கேமரா எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்து, அப்புறம் ரிலீஸ் நோட்ஸ் சொல்கிற வரிசையில் ஒவ்வொரு படியாக ஏறுங்கள், ஒவ்வொரு படியிலும் ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டே. பழைய பதிப்பிலேயே விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், ஓட்டை அதில்தான் இருக்கிறது. கடைசிப் பதிப்புக்கு வரும்வரை வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்துக்கு வரும் வழியை மூடி வையுங்கள்.

கேபிள் கிடைத்ததும் கன்சோலில் வரும் முதல் இருபது வரியை அப்படியே இங்கே ஒட்டுங்கள், மாடல் பெயரோடு. சீரியல் எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள்.