மாடியில் பிடித்தாலும் சட்டையோடு இறங்கி வரும்: புகைப்படிவு குறித்த கேள்வி பதில்

சேலம் அஸ்தம்பட்டியில் காலை நடை முடித்துத் தேநீர்க் கடையில் கூடும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் புகைப்பவர்கள். மார்கழித் தொடக்கத்தில் அங்கே ஒரு வாக்குவாதம் எழுந்தது. குழந்தை இருக்கும் அறையில் புகைக்கக் கூடாது என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வெளியே புகைத்துவிட்டு வருபவரின் சட்டையிலும் கையிலும், எப்போதோ புகைத்த அறையின் சுவரிலும் மெத்தையிலும் தங்கிவிடுவது குழந்தைக்குக் கெடுதலா என்பதில்தான் இரண்டு கட்சி. கல்லூரியில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன், அவற்றுள் 22 ஆண்டுகள் சிகரெட் பிடித்தவன் என்ற இரண்டு தகுதிகளைக் கருதி, கேள்விகளை எழுதி என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் மருத்துவன் அல்லன். குழந்தைக்கு இருமலோ இரைப்போ இருந்தால் குழந்தை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி (குகைப் பகுதி, நான்கு மாதக் குழந்தையின் தந்தை): நான் மொட்டைமாடியில் மட்டுமே புகைக்கிறேன், ஐயா. பத்து நிமிடம் கழித்துத்தான் இறங்கி வருகிறேன். அப்படியும் என் மனைவி குழந்தையை என் கையில் தருவதில்லை. இது வெறும் அச்சம்தானே?

பதில்: உங்கள் மனைவியின் பக்கம் நியாயம் இருக்கிறது. புகை என்பது காற்றில் கலந்து போய்விடும் ஆவி மட்டும் அன்று; அதில் உள்ள நிகோட்டினும் பிசுபிசுப்பான நுண்துகள்களும் தொட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. விரல், மீசை, தலைமுடி, சட்டையின் மார்புப் பகுதி ஆகியவற்றில் அவை படிகின்றன. நான்கு மாதக் குழந்தை முகத்தைப் புதைத்துத் தூங்குவதும் அந்த மார்புப் பகுதியில்தான். இது போதாதென்று, கடைசி இழுப்புக்குப் பிறகும் சில நிமிடங்கள் வரை மூச்சுக்காற்றோடு புகையின் கூறுகள் வெளிவந்துகொண்டிருக்கும். உங்கள் பத்து நிமிடக் காத்திருப்பு இதற்கு உதவுகிறது, சட்டைக்கு உதவவில்லை.

அமெரிக்காவின் சான் டியாகோவில் ஜார்ஜ் மேட் என்ற ஆய்வாளரின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ உங்கள் வீட்டைப் பற்றியதே. குழந்தையைக் காப்பதற்காக வெளியே போய்ப் புகைக்கும் பெற்றோரின் வீடுகளை, யாருமே புகைக்காத வீடுகளோடு ஒப்பிட்டபோது, முதல்வகை வீட்டுக் குழந்தைகளுக்குப் புகையிலைப் பொருள்களின் தாக்கம் ஐந்து முதல் ஏழு மடங்கு வரை கூடுதலாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே புகைக்கும் குடும்பங்களில் அது இன்னும் பல மடங்கு ஏறியது. ஆகவே மாடிக்குப் போவதால் பயன் உண்டு. பெரும் பயன் உண்டு. ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. இந்தப் படிவுக்கு மூன்றாம் நிலைப் புகை என்ற பெயர், பாஸ்டன் நகரின் குழந்தை மருத்துவர் ஜொனாதன் வினிகாஃப் குழுவினர் 2009இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே பரவலானது. எனக்குப் புகைப்படிவு என்று சொல்லவே பிடித்திருக்கிறது. சொல்லைக் கேட்டதும் அது எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடுகிறது.

கேள்வி (சூரமங்கலம், ஓய்வுபெறும் வயதை நெருங்கும் புகைப்பவர்): என் தந்தை வீட்டுக்குள்ளேயே பீடி பிடித்தவர். நான் அவர் மடியில் வளர்ந்து, கல்லுக்குண்டு போல் நிற்கிறேன். சட்டை வாசனையால் செத்த குழந்தை ஒன்றைக் காட்டுங்கள், பிறகு நம்புகிறேன். இதெல்லாம் புகைப்பவனை வீட்டை விட்டே விரட்டக் கட்டிய கதை.

பதில்: உங்கள் கேள்வியில் ஒரு பாதி சரியானது; அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். படிவினால் மட்டுமே இந்த நோய் வந்தது என்று ஒரு குழந்தையைச் சுட்டிக் காட்டுவது மிகக் கடினம், ஏனெனில் படிவு இருக்கும் வீட்டில் பெரும்பாலும் புகையும் இருக்கும். இரண்டையும் ஒரே குழந்தை சுவாசிக்கும்போது எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எதிரில் விடும் புகையைப் பொறுத்தவரை இத்தகைய ஐயமே இல்லை. ஆஸ்துமா இழுப்பு, காதுத் தொற்று, நெஞ்சுச்சளி நோய்கள், பச்சிளங்குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோவது ஆகியவற்றோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டுவிட்டது. படிவுக்கு அந்த அளவு சான்று சேரவில்லை. யாராவது இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் அவர் மிகைப்படுத்துகிறார்.

மறுபாதிக்கு வருகிறேன். அமெரிக்காவின் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர் 2010இல் காட்டியது இது: துணியிலும் சுவரிலும் ஒட்டிய நிகோட்டின் அப்படியே சும்மா கிடப்பதில்லை; காற்றில் உள்ள நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து நைட்ரோசமைன்கள் என்ற புதிய பொருள்களாக மாறுகிறது. காஸ் அடுப்பும் வண்டிகளின் எஞ்சினும் அந்த நைட்ரஸ் அமிலத்துக்கான ஊற்றுக்கண்கள்; இவை இரண்டும் இல்லாத வீடு சேலத்தில் எங்கே இருக்கிறது? அவ்வாறு உருவாகும் பொருள்களுள் சில, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே முதல் வகுப்பில் வைத்தவை. வேறொன்று, அப்போது வெளிவரும் புகையில் காணப்படாமல் படிவில் புதிதாகப் பிறப்பது. வேதியியல் வாத்தியாராகச் சொல்கிறேன், என்னை அசைத்தது இந்தச் செய்திதான். புகை பழையதாக ஆக அதன் கேடு தேய்ந்துகொண்டே போகும் என்று நான் நினைத்திருந்தேன். அடுத்த சில ஆண்டுகளில், படிவின் சாறு மனித உயிரணுக்களின் மரபுப்பொருளை (டி.என்.ஏ.) சிதைப்பதை ஆய்வகத்தில் கண்டார்கள். படிவு ஏறிய கூண்டுகளில் வளர்ந்த எலிகளுக்குக் கல்லீரலும் நுரையீரலும் கெட்டதையும் காயம் ஆறத் தாமதமானதையும் கலிபோர்னியாவில் 2014இல் கண்டார்கள். எலி குழந்தை அன்று, உண்மைதான். ஆனால் குழந்தையை வைத்து அந்தச் சோதனையை யாரும் செய்யப்போவதில்லை.

உங்கள் தந்தையின் காலத்து வீடு ஓட்டு வீடாக இருந்திருக்கும். ஓட்டின் இடுக்கு வழியே புகை போய்க்கொண்டே இருந்திருக்கும், உட்காரத் திண்ணையும் பாயும் இருந்திருக்கும். இன்றைய கான்கிரீட் அறையும், சாத்திய ஜன்னலும், பஞ்சு வைத்த சோபாவும், திரைச்சீலையும் நிகோட்டினுக்குக் களஞ்சியங்கள். இன்னொன்றும் உண்டு: மூச்சிரைப்பால் படியிறங்க முடியாமல் போனவர் நம் தேநீர்க் கடைக்கு வந்து உங்களோடு எதிர்வாதம் செய்யமாட்டார்.

கேள்வி (அழகாபுரம், பாட்டி): பெரியவர்களும் அதே வீட்டில்தானே இருக்கிறோம், குழந்தைக்கு மட்டும் ஏன் கூடுதலாகச் சேர்கிறது?

பதில்: நாம் நாற்காலியில் உட்காருகிறோம், அது தரையில் தவழ்கிறது. தரையைத் தொட்ட கை நேராக வாய்க்குப் போகிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை நம்மைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது. அதன் தோலும் மெல்லியது. புகைப்பவர் வீட்டுக் குழந்தைகளின் உள்ளங்கையைத் துடைத்துச் சோதித்தபோது நிகோட்டின் கிடைத்திருக்கிறது. தூளி கட்டும் பழைய நூல்சேலையையும் கவனியுங்கள், அம்மா. புகைப்பவர் படுக்கும் அறைக் கொடியில் கிடந்த சேலையாக இருந்தால், துவைத்து வெயிலில் உலர்த்தாமல் கட்ட வேண்டாம்.

கேள்வி (அம்மாப்பேட்டை, கைத்தறி நெசவாளர்): தறி வீட்டுக்குள்தான் இருக்கிறது, பிள்ளைகள் தறிக்குப் பக்கத்தில்தான் படுக்கிறார்கள். நான் பிடிப்பது பீடி, அதுவும் நாளைக்கு ஒரு கட்டுக்குள்தான். பீடி இலைதானே, சிகரெட்டைவிடச் சாது என்று சொல்கிறார்களே?

பதில்: சொல்பவர்கள் தவறாகச் சொல்கிறார்கள். சுற்றியிருப்பது தெந்து இலையாக இருக்கலாம், உள்ளே இருப்பது புகையிலைத் தூள். அளவில் சிறியதாக இருந்தும், நிகோட்டினிலும் தாரிலும் கார்பன் மோனாக்சைடிலும் பீடிப் புகை சிகரெட்டுக்குக் குறைந்ததன்று. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போவதும் கூடுகிறது. உங்கள் வீட்டில் சிக்கல் என்னவென்றால், பருத்தி நூல் நிகோட்டினை நன்றாகப் பிடித்துவைக்கும். படிவேறிய பருத்தித் துணியை எடுத்துவைத்து, ஓராண்டு கடந்த பின்னும் அதில் நிகோட்டின் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். பாவு, ஊடை, கழிவு நூல், பிள்ளைகள் போர்த்தும் போர்வை எல்லாமே பருத்தி. ஆகவே தறிக்குழியில் உட்கார்ந்து பற்றவைப்பதை முற்றாக நிறுத்துங்கள். எழுந்து தெருவுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால் எண்ணிக்கையும் தானாகக் குறையும். பஞ்சுத் தூசிக்கு இடையே தீக்குச்சி கிழிப்பதைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

கேள்வி (ஏற்காடு, தங்கும் விடுதிப் பணியாளர்): குளிருக்காக விருந்தினர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு புகைக்கிறார்கள். அடுத்த நாள் அதே அறைக்குக் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வருகிறது. நாங்கள் வாசனைத் தெளிப்பான் அடிக்கிறோம், போதுமா?

பதில்: போதாது. தெளிப்பான் நம் மூக்கை ஏமாற்றுகிறது, கம்பளியை ஏமாற்றுவதில்லை. சான் டியாகோவில் விடுதிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டபோது, சில அறைகளில் மட்டும் புகைக்க அனுமதித்த விடுதிகளில், புகைக்கக் கூடாத அறைகளிலும் நிகோட்டின் படிந்திருந்தது தெரிந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை நடப்பில் இருக்கிறது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட விடுதிகள் மட்டுமே புகைப்பதற்கெனத் தனி இடம் ஒதுக்கலாம். கம்பளியையும் திரையையும் துவைப்பதும், நண்பகல் வெயிலில் ஜன்னல்களைத் திறந்துவைப்பதும் உங்களால் ஆகக்கூடியவை. குழந்தையோடு வருபவர்கள் அறைக்குள் நுழைந்ததும் தலையணையை முகர்ந்து பார்த்து, நெடி இருந்தால் வேறு அறை கேட்கத் தயங்க வேண்டாம்.

கூடவே ஒரு வார்த்தை: மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் புகைத்தபடி ஏறுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின்னிருக்கையில் குமட்டலோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு, இருக்கைத் துணி கக்கும் பழைய நெடியும் சேர்ந்துகொள்கிறது.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, வாடகை வீடு மாறுபவர்): முன்பு குடியிருந்தவர் புகைப்பவர். வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடித்துச் சாம்பிராணியும் போட்டாயிற்று என்கிறார். நம்பிப் போகலாமா?

பதில்: சாம்பிராணி நெடியை மறைக்கும், படிவை எடுக்காது, தன் பங்குக்குக் கொஞ்சம் புகையையும் சேர்க்கும். சுண்ணாம்பைப் பற்றிச் சொன்னால் சிரிப்பீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் சுண்ணாம்பு தடவுவதற்கு ஒரு காரணம், காரத்தன்மை நிகோட்டினை விடுவித்து வேகமாக உடலில் ஏற்றுகிறது என்பது. சுவரிலும் சுண்ணாம்பு அதை அழிப்பதில்லை. கழுவாமல் மேலே பூசிய எந்தப் பூச்சையும் நிகோட்டின் மெல்ல ஊடுருவி வெளியே வரக்கூடியது. புகைத்தவர் காலி செய்து சராசரியாக இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வீடுகளுக்குக் குடிவந்த, புகைக்காத குடும்பங்களின் விரல்களிலும்கூட நிகோட்டின் காணப்பட்டது. ஜார்ஜ் மேட் குழுவின் 2011 ஆய்வு அது.

நிகோட்டின் ஒரு காரப்பொருள் என்பதால் அமிலம் கலந்த நீரில் நன்றாகக் கரையும். சோப்பு நீரால் ஒருமுறை சுவரையும் கதவையும் ஜன்னல் கம்பியையும் மின்விசிறி இறக்கையையும் துடைத்து, பிறகு வினிகர் கலந்த நீரால் துடைத்து, நல்ல நீரால் கழுவி, உலர்ந்த பின் வெள்ளையடிக்கச் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். முன்னவர் விட்டுப்போன மெத்தையும் திரையும் இருந்தால், இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கேள்வி (ஐந்து ரோடு, இளைஞர்): மின்சிகரெட்டுக்கு மாறினால் படிவு இருக்காதல்லவா?

பதில்: அதன் ஆவியிலும் நிகோட்டின் உண்டு, அதுவும் படியும். தவிர, 2019 முதல் இந்தியாவில் அதன் விற்பனையே தடை.

கேள்வி (கொண்டலாம்பட்டி, லாரி ஓட்டுநர்): விட முயன்றும் முடியவில்லை, ஐயா. வீட்டில் இரண்டு பிள்ளைகள். குறைந்தது என்ன செய்யலாம்?

பதில்: வீட்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் இல்லை என்பதை விதியாக்குங்கள். புகைக்கும்போது போடுவதற்கென ஒரு சட்டையை வைத்து, அதை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். முகத்தையும் கையையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வாய் கொப்பளித்த பிறகு பிள்ளைகளைத் தூக்குங்கள். இவை குறைக்கும், இல்லாமல் ஆக்காது. நான் நான்கு முறை விட்டுவிட்டுத் திரும்பவும் தொடங்கியவன். ஐந்தாவது முறைதான் நின்றது, அதுவும் என் மன உறுதியால் அன்று, நிகோட்டின் சூயிங்கமும் ஒரு மருத்துவரின் தொடர் கண்டிப்பும் சேர்ந்ததால். சிகரெட் அட்டையிலேயே அச்சிட்டிருக்கும் 1800 11 2356 என்ற இலவச எண்ணுக்குப் பேசிப் பாருங்கள்.

கேள்வி (சின்னத்திருப்பதி, இளம் தாய்): என் மாமனார் பீடி பிடித்துவிட்டு நேராக வந்து பேரனைத் தூக்குகிறார். சொன்னால் மனம் நோவாரே என்று என் கணவரும் வாய் திறப்பதில்லை. பேசாமல் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுக் குழந்தையை அம்மா வீட்டில் விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம், இத்தகைய வீட்டில் வளரும் குழந்தைக்கு அது கூடுதலாகவே வேண்டும். மாமனாரிடம் வேதியியல் பேசிப் பயனில்லை. என் வீட்டில் எனக்கே என் மருமகள் செய்தது இதுதான்: வாசல் குழாயடியில் ஒரு சோப்பும், கொடியில் துவைத்த துண்டும் பனியனும் தினமும் தயாராக இருக்கும். நான் தெருவிலிருந்து திரும்பும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடையில் நின்று, ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். "கை கழுவிட்டு வாங்க மாமா, பாப்பா உங்ககிட்ட வரணும்னு அழுவுது."