மலைக்குத் திக்கான ஆயில்தான் வேண்டுமா?

கேள்வி: கம்பத்தில் இருக்கிறேன். 2019 மாடல் பெட்ரோல் கார், 60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏலக்காய் வியாபாரத்துக்காக வாரத்தில் மூன்று நாளாவது குமுளி, வண்டிப்பெரியாறு என்று மலை ஏறி இறங்குகிறேன். கம்பெனி புத்தகத்தில் 0டபிள்யூ-20 ஆயில் என்று இருக்கிறது. எங்கள் மெக்கானிக்கோ, “தண்ணி மாதிரி ஆயிலை ஊத்திட்டு மலை ஏறினா இன்ஜின் இறுகி சீஸ் ஆயிரும், 15டபிள்யூ-40 போடுங்க, அதுலயே சிந்தெடிக் இருக்கு” என்கிறார். குமுளிப் பக்கம் ஒரு கடையில் பெரிய கம்பெனியின் சிந்தெடிக் ஆயில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எதை வாங்குவது? தம்பியின் 2021 பிஎஸ்6 டீசல் காருக்கும் அதையே ஊற்றலாமா?

பதில்: புத்தகத்தில் உள்ளதையே ஊற்றுங்கள். பாதி விலைக் கேனைத் தொடவே வேண்டாம். தம்பியின் வண்டிக்கு உங்கள் ஆயில் ஆகாது.

உங்கள் மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கம்பம், போடி பக்கம் பட்டறை வைத்திருக்கும் பலரும் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் கை பழகியவர்கள். அந்தப் பழைய டீசல் இன்ஜினுக்கு 15டபிள்யூ-40 சரியான ஆயில்தான். உங்கள் கார் வேறு ஜாதி. அதன் பேரிங் இடைவெளிகளும் ஆயில் போகும் துளைகளும் மெல்லிய ஆயிலுக்கென்றே கணக்குப் போட்டுச் செய்தவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு பல கார்களில் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. அங்கே திக்கான ஆயிலை ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேல் பாகங்களுக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

எண்களைப் பார்க்கும் விதம் இவ்வளவுதான். ‘டபிள்யூ’வுக்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைக் காட்டும். 0 என்றால் மைனஸ் 35 டிகிரியில் சோதித்தது, 15 என்றால் மைனஸ் 20 டிகிரியில். பின்னால் இருக்கும் எண், ஆயில் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு திக்காக இருக்கும் என்பது. கம்பத்துப் பள்ளத்தாக்கின் வெயில் 38 டிகிரி போனாலும் அது பெரிய விஷயம் இல்லை. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் இன்ஜின் சூட்டை ஏறக்குறைய 90 டிகிரியில் பிடித்து வைத்துக்கொள்ளும். லோயர் கேம்பிலிருந்து இரண்டாவது கியரில் நாலு பேரோடு ஏறும்போது ஆயில் சூடு 100ஐத் தாண்டும், அது உண்மை. எந்த வெளி வெப்பத்துக்கு எந்த கிரேடு என்று புத்தகத்தில் பட்டியல் இருக்கிறதா பாருங்கள். அதில் 5டபிள்யூ-30ம் அனுமதித்திருந்தால், உங்களைப் போல அடிக்கடி மலை ஏறுபவர் அதைத் தாராளமாக ஊற்றலாம். அதற்கு மேல் போக வேண்டாம்.

சிந்தெடிக் (ரசாயன முறையில் தயாரிக்கும் எண்ணெய்) என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். ‘செமி சிந்தெடிக்’, ‘சிந்தெடிக் டெக்னாலஜி’ என்றெல்லாம் போடுகிறார்கள். உள்ளே எவ்வளவு சிந்தெடிக் என்று கேனில் எங்கும் இருக்காது. சாதாரண மினரல் எண்ணெயை வைத்து 0டபிள்யூ-20 தயாரிக்க முடியாது என்பதால், அந்த கிரேடை ஒழுங்கான கம்பெனியில் வாங்கினாலே சிந்தெடிக் கேள்வி தீர்ந்துவிடும். கேனின் பின்புறம் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) தர முத்திரை இருக்கும். புத்தகம் எஸ்என் என்ற தரத்தைக் கேட்டால் எஸ்என்னோ, 2020ல் வந்த எஸ்பியோ வாங்கலாம். புதியது பழையதன் வேலையையும் செய்யும்.

இனி அந்தப் பாதி விலைக் கடை. பெரிய கம்பெனி ஆயில் பாதி விலைக்கு வர வழியே இல்லை. காலி கேன் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அங்கிருந்து நல்ல விலைக்கு ஒருவர் வாங்கிக்கொண்டு போகிறார். வடிகட்டிய பழைய ஆயிலோ மலிவான லூஸ் ஆயிலோ அதில் நிரம்பி, புது மூடியோடு திரும்பி வருகிறது. அதைத் திறந்து பார்த்தால் நிறமும் மணமும் அசல் மாதிரியே இருக்கும், விரலில் தேய்த்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆறு மாதம் கழித்து இன்ஜின் தட்டும்போது யாரைப் போய்க் கேட்பீர்கள்? மூடியின் அடி வளையம் முழுசாக ஒட்டியிருக்கிறதா, உள்ளே அலுமினியத் தாள் சீல் சுருக்கமில்லாமல் இருக்கிறதா, கேனில் அச்சிட்ட பேட்ச் எண்ணும் தயாரிப்புத் தேதியும் அழித்து எழுதியதுபோல் இல்லாமல் இருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் தர மறுக்கும் கடைக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. உங்கள் வண்டியில் ஊற்றிய கேன் காலியானதும் அங்கேயே கத்தியால் குத்திக் கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் மட்டும் நிம்மதியா? பில்லில் ‘இன்ஜின் ஆயில்’ என்று ஒரு வரி, பக்கத்தில் லிட்டர் கணக்கு, அவ்வளவுதான். எந்த கிரேடு, எந்த ஏபிஐ, பீப்பாயிலிருந்தா கேனிலிருந்தா என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது. வண்டி நிற்கும் இடத்துக்கு நம்மை விடமாட்டார்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். மாத்திரை அட்டையில் பேட்ச் எண் வரை அச்சடிக்கிற நாட்டில், இதைக் கட்டாயமாக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. கிரேடை பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாரன்டி பிரச்சினை வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும். ‘இன்ஜின் ஃப்ளஷ்’, ‘ஆயில் ட்ரீட்மென்ட்’ என்று கூடவே தள்ளிவிடப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

தம்பியின் டீசல் காரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பணம் பெரிதாகப் போகும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி தானாகவே சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துவிடும். ஆயில் எரிந்து வரும் சாம்பல் அப்படி எரியாது, உள்ளேயே தங்கி அடைத்துக்கொண்டே வரும். அதனால் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான ஆயில் வேண்டும். புத்தகத்தில் ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கம்) தரக் குறியீடாக சி2, சி3 என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கும். கேனிலும் அதே எழுத்து இருக்க வேண்டும். ஜீப்புக்கு வாங்கி வைத்த டீசல் ஆயிலை இதில் ஊற்றி, டிபிஎஃப் அடைத்து, எச்சரிக்கை விளக்கோடு வரும் வண்டிகள் உண்டு. புது வடிகட்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். இன்னொன்று: கரியை எரிக்க இன்ஜின் கூடுதல் டீசலைத் தெளிக்கும். வண்டி தினமும் ஊருக்குள்ளேயே நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடினால், கரி எரிப்பது பாதியில் நின்று, எரியாத அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். ஆயில் அளவுகோலில் (டிப்ஸ்டிக்) மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், ஆயில் குறையவே இல்லை என்று சந்தோஷப்படாமல் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு மாற்றுவது? ‘சிந்தெடிக்தானே, 20,000 ஓடும்’ என்பதை நம்பாதீர்கள். புத்தகத்தில் கடுமையான ஓட்டத்துக்கென்று தனி அட்டவணை இருக்கும். மலைப்பாதை அதில்தான் வரும், உங்களுக்கு அதுதான் கணக்கு. அப்புறம், குமுளியிலிருந்து இறங்கும்போது கியரில் பிடித்துக்கொண்டு வருவீர்கள். அது பிரேக்குக்கு நல்லது, ஆனால் அந்த நேரம் பெட்ரோல் இன்ஜின் உள்ளே ஏற்படும் உறிஞ்சலில் கொஞ்சம் ஆயில் எரிந்து போகும். அதனால் மாதம் இரண்டு முறை, சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவுகோலை இழுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். ஆயில் கருப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், அழுக்கைக் கழுவி எடுத்துக்கொள்வதால் கருக்கிறது. இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். குறைந்திருந்தால் அதே கிரேடில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றிவிடாதீர்கள்.