வாசகர் கேள்வி பதில்: பள்ளி முடிந்தது, தொழில் பழக்குவது எப்படி?

கேள்வி: மகனுக்கு 17 வயது, அறிவுசார் குறைபாடு. சிறப்புப் பள்ளியில் காகித உறை ஒட்டப் பழகினான். வீட்டில் பசையைத் தொடக்கூட மறுக்கிறான். வேறு என்ன பயிற்சி தரலாம்?
– வாசகி, திருவையாறு

பதில்: அது சோம்பல் இல்லை அம்மா. மேசையும் ஆளும் மாறினால், பழகிய வேலையே இவர்களுக்குப் புது வேலையாகிவிடும். அதனால் எங்கே வேலை பார்க்கப் போகிறாரோ அங்கேயே பழக்குங்கள். உங்கள் பக்கத்தில் நர்சரி இருந்தால் நாற்றுப் பை நிரப்பும் வேலையைக் கேட்டுப் பாருங்கள்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பை வாயை ஓர் அங்குலம் வெளியே மடிக்க வேண்டும். கால்வாசி மண் போட்டதும் அடி மூலை இரண்டையும் விரலால் அழுத்த வேண்டும். இதை விட்டால் பை சாயும், தண்ணீர் விட்டதும் மண் இறங்கிவிடும். மேலே ஓர் அங்குலம் காலியாக இருக்கட்டும். விளிம்பு வரை நிரப்பினால் ஊற்றும் தண்ணீர் வெளியே வழிந்துவிடும்.

கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். முதலில் எல்லாம் நீங்கள் செய்து, பையை வரிசையில் வைப்பதை மட்டும் அவரிடம் விடுங்கள். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி. எண்ணத் தெரியாவிட்டால் பத்துப் பை கொள்ளும் தட்டு கொடுங்கள். தட்டு நிறைந்தால் பத்து. அளவுக்கு, பாதியாக வெட்டிய பாட்டிலில் பெயிண்டால் ஒரு கோடு போதும்.

பெரும்பாலும் கெடுவது பழக்குபவரின் வாயால்தான். “அடுத்து என்ன?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டால், அந்தக் குரல் வரும்வரை கை நகராது. முதலில் கை பிடித்து, பிறகு சுட்டிக்காட்டி, கடைசியில் பேசாமல் பக்கத்தில் நில்லுங்கள். தொடக்கத்தில் காலையில் இரண்டு மணி நேரம் போதும். கூலி முதல் வாரத்திலிருந்தே அவர் கையில் சேரட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: அவனுக்கு 18 வயதானபின் கையெழுத்துக்கு என்ன செய்வது?
– அதே வாசகி

பதில்: 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக் குழு சட்டபூர்வ காப்பாளரை நியமிக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அவரே புரிந்து கையெழுத்திட முடிந்தால் காப்பாளர் வேண்டியதில்லை.

கேள்வி: காது கேளாத மகள் தையல் வகுப்பில் பின்தங்குகிறாள். காரணம் என்ன?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஆசிரியர் தைத்துக்கொண்டே விளக்குகிறாரா என்று பாருங்கள். துணியைப் பார்த்தால் சைகை போச்சு, சைகையைப் பார்த்தால் தையல் போச்சு. முதலில் எதிரே நின்று விளக்கி, பிறகு பேசாமல் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். நூல் சிக்கினால் மற்றவர்களுக்குச் சத்தம் காட்டிக்கொடுக்கும். மகளுக்கு மெஷின் பலகையில் படிந்த இடது கைதான் அதைச் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே நூலைச் சிக்கவைத்து அந்த அதிர்வைப் பழக்குங்கள். வகுப்புக்குப் போய்வர சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவளுக்குக் கட்டணம் இல்லை.